எலுமிச்சை திரித்த பாலும் உறை ஊற்றிய பாலும்: உயிருள்ளதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இது: "வளரும், சுவாசிக்கும், அசையும், இனம் பெருக்கும், இவையெல்லாம் இருந்தால் உயிருள்ளது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் நெருப்பும் வளர்கிறது, பரவுகிறது. கோவேறு கழுதை குட்டி போடுவதில்லை. குதிரில் கிடக்கும் விதைநெல் அசைவதும் இல்லை, வளர்வதும் இல்லை. அப்படியானால் உயிருள்ள பொருளை உயிரற்ற பொருளிலிருந்து பிரிப்பது எது? சோதித்துப் பார்க்க வழி உண்டா?"

உண்டு. பால் பண்ணை, ரத்தப் பரிசோதனைக் கூடம், விதைப் பரிசோதனை நிலையம் மூன்றிலும் தினமும் ஏதோ ஒரு வகையில் இதைத்தான் செய்கிறார்கள். வரையறையில் தொடங்கினால் விவாதம் ஓயாது. அதனால் அடுக்களையில் தொடங்குவோம்.

மூன்று டம்ளர்களில் நன்றாகக் காய்ச்சிய பால் 250 மில்லி வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில், பால் சூடாக இருக்கும்போதே, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுக் கலக்குங்கள். இரண்டாவதை 40 டிகிரிக்கு ஆறவிட்டு (விரலுக்கு இளஞ்சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது) ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, தயிர் விட்டுக் கலக்கி மூடுங்கள். மூன்றாவதில் எதுவும் சேர்க்காமல் மூடி வையுங்கள். எலுமிச்சை விட்டது ஓரிரு நிமிடத்தில் திரிந்துவிடும். உறை ஊற்றியது ஐந்தாறு மணி நேரம் எடுக்கும், ஊட்டிக் குளிரில் இரவு முழுக்க ஆகலாம். மூன்றாவது அதுவரை பாலாகவே இருக்கும்.

இதை மட்டும் வைத்து உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பால் கட்டியாவதற்கான காரணம் இரண்டிலும் ஒன்றுதான். புளிப்பை அளக்கும் பிஎச் அளவு 4.6-ஐ நெருங்கும்போது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த கேசீன் புரதத் துகள்கள் மின்சுமையை இழந்து ஒட்டிக்கொள்கின்றன. எலுமிச்சை தன் அமிலத்தைக் கையோடு கொண்டுவந்தது. தயிரிலிருந்த பாக்டீரியாவோ பால்சர்க்கரையை உடைத்து லாக்டிக் அமிலத்தை அந்த டம்ளருக்குள்ளேயே தயாரித்தது.

வித்தியாசம் அடுத்த சுற்றில் வெளிப்படும். முதல் டம்ளரின் தெளிநீரில் ஒரு டீஸ்பூன் எடுத்துப் புதிய 250 மில்லி பாலில் விடுங்கள். ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அமிலம் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்காக நீர்த்துவிட்டது. தயிரில் ஒரு டீஸ்பூன் எடுத்துப் புதிய பாலில் விட்டால் அதுவும் தயிராகும். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று ஐந்து முறை போங்கள். முதல் நாள் தயிரில் இருந்த எந்தப் பொருளானாலும் இப்போது 31 கோடியே 25 லட்சத்தில் ஒரு பங்காகிவிட்டிருக்கும். ஆனாலும் ஐந்தாவது டம்ளர் முதலாவது போலவே கெட்டியாக உறைகிறது. நீர்க்க நீர்க்கக் குறையாத ஒன்று அதில் இருக்கிறது. கிடைத்த பாலிலிருந்து தன்னைப் போன்றதை அது மறுபடி மறுபடி செய்துகொள்கிறது.

தயிர் உறையாமல் போகும் நாட்களும் பாடம் சொல்பவைதான். பால் 55 டிகிரிக்கு மேல் இருக்கும்போது உறை ஊற்றினால் பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் அப்படியே ஊற்றினால் சாகாது, சோம்பிக் கிடக்கும். இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாது: மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து வடிவதற்கான நாட்கள் கழியுமுன் கறந்தால், அதில் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கும். அந்தப் பாலில் உறை வேலை செய்யாது. அதே பாலில் எலுமிச்சை பிழிந்தால் உடனே திரியும். பென்சிலினுக்கு அமிலத்தைத் தெரியாது, செல்சுவர் கட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் தெரியும். பால் பண்ணைகளில் மருந்து மிச்சத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு வகைச் சோதனை இதே தர்க்கத்தில் நடக்கிறது. பாக்டீரியா வித்துக்களோடு பாலைச் சேர்த்துச் சூட்டில் வைக்கிறார்கள். அமிலம் உண்டாகி நிறம் மாறினால் பால் சுத்தம், மாறாவிட்டால் மருந்து இருக்கிறது.

கற்கண்டும் கற்பூரமும்

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். கெட்டியான சர்க்கரைப் பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டு ஒரு துணுக்குக் கற்கண்டை ஒட்டிவைத்தால், அதன்மேல் கற்கண்டு வளர்கிறது. அதிலிருந்து ஒரு துணுக்கை உடைத்து வேறு பாகில் போட்டால் அங்கும் வளர்கிறது. இதுவும் உறை ஊற்றுவது போலத்தானே?

இரண்டு இடங்களில் இது பிரிகிறது. கற்கண்டுக்குச் சர்க்கரை தயாராகக் கிடைக்க வேண்டும், அதை அது அடுக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். பால்சர்க்கரையையும் பால் புரதத்தையும் உடைத்து, பாலில் இல்லாத தன் சவ்வையும் நொதிகளையும் டிஎன்ஏவையும் கட்டுகிறது பாக்டீரியா. அடுத்தது, பாகு தாங்க முடியாத அளவுக்கு அதில் சர்க்கரை கரைந்திருப்பதால்தான் கற்கண்டு வளர்கிறது. மிகுதி இறங்கி, பாகும் கட்டியும் சமநிலைக்கு வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். அந்தச் சமநிலைதான் கற்கண்டின் இயல்பான முடிவு. உயிருள்ள செல் சமநிலைக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயர் சாவு.

நெருப்பு இந்த இரண்டாவது தடையைத் தாண்டிவிடுகிறது. அது சமநிலையில் இல்லை, எரிபொருளைத் தின்கிறது, கழிவை வெளியேற்றுகிறது, பற்றிப் பரவுகிறது. அது மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். நல்லெண்ணெய் விளக்கிலிருந்து கற்பூரத்தை ஏற்றுங்கள். அது கற்பூரமாகத்தான் எரியும், தன்னைப் பற்றவைத்த விளக்கின் சாயல் எதையும் எடுத்துக்கொள்ளாது. தீக்குச்சியில் ஏற்றினாலும் லைட்டரில் ஏற்றினாலும் சுடர் ஒன்றே. இப்போது ஒரே பாலை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் உங்கள் வீட்டு உறையையும் மற்றதில் பக்கத்து வீட்டு உறையையும் ஊற்றிப் பாருங்கள். பால் ஒன்று, தயிர் இரண்டு: ஒன்று புளிப்பாக, ஒன்று நூல்பிடித்து வழவழவென்று இருக்கலாம். தாயின் குணம் வருகிறது. அந்தக் குணம் மாறவும் செய்யும். தயிரை அளவுக்கு மீறிப் புளிக்கவிட்டு அதிலிருந்தே நாள்தோறும் உறை எடுத்தால், அமிலத்தைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா வகையின் பங்கு கூடிக்கொண்டே போகும், தயிரும் சீக்கிரம் புளிக்கத் தொடங்கும். வீட்டு டம்ளருக்குள் நடக்கும் இயற்கைத் தேர்வு இது.

வேற்றுக்கோள்களில் உயிரைத் தேடுவதற்காக நாசா 1994-ல் எடுத்துக்கொண்ட வரையறை இதைத்தான் மையமாக வைத்தது: தன்னைத் தாங்கிக்கொள்ளும், டார்வினியப் பரிணாமத்துக்கு உட்படக்கூடிய வேதி அமைப்பு. தேடலுக்கு நல்ல வரையறைதான். ஆனால் கையிலிருக்கும் ஒற்றை விதையையோ ஒற்றைக் கோவேறு கழுதையையோ இதை வைத்துச் சோதிக்க முடியாது. பரிணாமம் தலைமுறைகளுக்கு நடப்பது. ஒரே ஒரு உடலைப் பார்த்து "இப்போது இதில் உயிர் இருக்கிறதா" என்று கேட்டால் வேறு இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உயிர் "போகிறது" என்றால் எது போகிறது?

தமிழில் உயிர் போகும், பிரியும், ஊசலாடும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் என்று இலக்கணத்திலேயே இருக்கிறது. உடலுக்குள் ஒரு பொருள் குடியிருந்துவிட்டு வெளியேறுவது போன்ற படம் பேச்சிலேயே ஊறிப்போய்விட்டது. ஐரோப்பிய வேதியியலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ இப்படித்தான் நம்பியது. உடலில் உண்டாகும் சேர்மங்களைச் செய்ய ஒரு தனி "உயிர்விசை" வேண்டும் என்றார்கள். 1828-ல் ஃபிரீட்ரிஷ் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற உப்பைத் தயாரிக்கப் போய், சிறுநீரில் இருக்கும் யூரியாவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பெற்றார். 1897-ல் எட்வர்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, முழு செல் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாற்றில் சர்க்கரையைப் போட்டார். அது நொதித்தது. இதற்கு 1907-ல் நோபல் பரிசு. நொதித்தலுக்கு நொதி போதும், முழு செல் தேவையில்லை என்று தெரிந்துபோனது.

தனிமங்களின் கணக்கிலும் மர்மம் எதுவும் இல்லை. மனித உடல் எடையில் ஆக்ஸிஜன் 65 சதவீதம், கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3, கால்சியம் ஒன்றரை, பாஸ்பரஸ் 1 என்ற அளவில் இருக்கின்றன. உடலில் மட்டும் இருக்கும், மண்ணில் இல்லாத தனிமம் ஒன்றுகூடக் கிடையாது. செத்த நொடியில் எடையும் மாறுவதில்லை, அணுக்களும் மாறுவதில்லை. மாறுவது என்ன என்று பார்க்க ஒரு பீட்ரூட் போதும்.

பீட்ரூட்டை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கழுவும் தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவுங்கள். முதலில் வரும் சிவப்பு, கத்தி பட்டு அறுபட்ட செல்களிலிருந்து வருவது. பிறகு நான்கு கண்ணாடி டம்ளர்களில் சம அளவு தண்ணீர்: 30, 50, 60, 70 டிகிரி. ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் துண்டுகளைப் போட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். முதல் டம்ளர் கிட்டத்தட்டத் தெளிவாகவே இருக்கும். 60-ஐத் தாண்டியதும் தண்ணீர் சிவந்துவிடும். துண்டின் வடிவம் மாறவில்லை, எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள செல்சவ்வும், அதற்குள்ளே சாயத்தை அடைத்துவைத்திருந்த உள்சவ்வும் குலைந்துவிட்டன, அவ்வளவுதான். ஃப்ரீசரில் உறையவைத்து எடுத்த துண்டைப் போட்டால் பச்சைத்தண்ணீரிலேயே நிறம் கொட்டும், பனிக்கட்டி சவ்வைக் கிழித்திருக்கும். உள்ளே இருப்பது வேறு, வெளியே இருப்பது வேறு என்று வைத்துக்கொள்ளும் திறன்தான் முதலில் போகிறது.

ரத்தக் குழாய்க்குள் ஒரு சாவு

அந்தத் திறனை எண்ணில் பார்க்க வேண்டுமானால் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். நம் செல்களுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கிறது (சிவப்பணுவில் 100 அளவில்), வெளியே ரத்த நீரில் 4 தான். சோடியம் நேர் எதிர்: வெளியே 140, உள்ளே 10 முதல் 15. விட்டுவைத்தால் இரண்டும் கசிந்து சமமாகிவிடும். சமமாகாமல் பார்த்துக்கொள்ள, சவ்வில் பதிந்திருக்கும் பம்பு ஒன்று செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஓட்டைப் படகில் ஓயாமல் தண்ணீர் இறைப்பது போன்ற வேலை. சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

ரத்தத்தைக் குழாயில் எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் இந்த வேலையை நிறுத்துவதில்லை. குழாயிலிருக்கும் சர்க்கரையைத் தின்று பம்பை ஓட்டுகின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைகிறது. காலையில் எடுத்த ரத்தத்தை, செல்களையும் ரத்த நீரையும் பிரிக்காமல் மதியம்வரை வைத்தால் சர்க்கரை அளவு உண்மையைவிடக் குறைவாக வருவது இதனால்தான். சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடிக் குழாயை எடுப்பதும் இதற்காகத்தான். அதிலுள்ள சோடியம் ஃப்ளோரைடு, சர்க்கரையை உடைக்கும் பாதையில் ஒரு நொதியைக் கட்டிப்போடுகிறது. ஆனால் அது முழுதாகப் பிடிக்க ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால் முதல் மணியின் இழப்பு தப்பாது.

பொட்டாசியத்தில் நேரும் தவறு இன்னும் ஆபத்தானது. "கெடாமல் இருக்கட்டும்" என்று பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைப்பார்கள். குளிரில் பம்பு மந்தமாகிவிடும், கசிவு தொடரும். சில மணி நேரத்தில் வெளிப்புறப் பொட்டாசியம் 6, 7 என்று ஏறி, நோயாளிக்கு இல்லாத இதய ஆபத்து தாளில் வந்து நிற்கும். கடுங்கோடையில் வண்டியில் அலைந்த குழாயில் தலைகீழாக நடப்பதுண்டு: சூட்டில் பம்பு வேகமாக ஓடி, பொட்டாசியம் குறைவாகக் காட்டும். அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் கிடந்தால் சர்க்கரை தீர்ந்து பம்பு நின்று, பிறகு ஏறும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்துச் செல்களை உடைத்தாலும் ஏறும், ஆனால் அப்போது ரத்த நீர் சிவந்திருப்பதால் கண்ணுக்கே தெரிந்துவிடும். அறை வெப்பத்தில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிடுவது பாதுகாப்பானது.

சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, டிஎன்ஏ இல்லை, அது பெருகவே முடியாது. ஆனாலும் உடலில் 120 நாள் இறைத்துக்கொண்டிருக்கிறது. கோவேறு கழுதைப் புதிருக்கு இதிலேயே விடை இருக்கிறது. பெருகுவது ஒரு பரம்பரையின் குணம். ஒரு தனி உடலோ செல்லோ உயிரோடு இருக்க, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டை ஆற்றல் செலவழித்துக் காத்துக்கொண்டிருந்தால் போதும். கழுதையும் குதிரையும் சேர்ந்து ஈன்ற அந்த உடலின் கோடானுகோடி செல்கள் அதைச் செய்கின்றன.

சாவும் ஒரே நொடியில் நடப்பதில்லை என்பது இங்கிருந்து புரியும். இதயம் நின்று ஆக்ஸிஜன் வராமல் போனால், மூளை செல்களின் பம்புகள் சில நிமிடங்களில் நிற்கின்றன. தசைகளில் மிச்சமிருக்கும் ஏடிபி தீர இன்னும் நேரமாகும். ஏடிபி தீர்ந்ததும், பிடித்த பிடியை விடுவதற்குக்கூட ஆற்றல் இல்லாமல் தசைநார்கள் பூட்டிக்கொள்கின்றன. பிணம் விறைப்பது இதனால்தான். பொதுவாக இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கும், வெப்பமான ஊரில் முன்னதாகவே. ஒரு நாள் ஒன்றரை நாளில் புரதங்களே சிதையும்போது விறைப்பு தளரும். கண்ணுக்குள்ளிருக்கும் திரவத்தில் பொட்டாசியம் கூடிக்கொண்டே போவதை அளந்து இறந்த நேரத்தைக் கணிக்கும் முறை தடயவியலில் இருக்கிறது. ரத்தக் குழாயில் பார்த்த அதே கசிவு.

விதைநெல்லில் உயிர் இருக்கிறதா?

இப்போது கடினமான பகுதி. நன்கு காய்ந்த விதையில் பம்பு எதுவும் ஓடவில்லை. தண்ணீர் இல்லாமல் நொதிகள் நகரமுடியாது. செல்லுக்குள் சர்க்கரைகள் கண்ணாடி போல இறுகி, சவ்வுகளையும் புரதங்களையும் இருந்த இடத்திலேயே பிடித்துவைத்திருக்கின்றன. மேலே சொன்ன அளவுகோலின்படி இது உயிரற்றது. ஆனால் நட்டால் முளைக்கிறது.

கரண்ட் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் ரைஸ் மில்லையும், இடிந்து விழுந்த ரைஸ் மில்லையும் யோசியுங்கள். இரண்டிலும் நெல் அரைபடவில்லை. ஒன்றில் கரண்ட் வந்தால் அரைபடும். ஆக "உயிருள்ளது, உயிரற்றது" என்ற இரண்டு பெட்டி போதாது. ஓடுவது, நின்றாலும் அமைப்புக் குலையாமல் காத்திருப்பது, குலைந்துபோனது என்று மூன்று வேண்டும். விதைப் பரிசோதனை என்பதே இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிக்கும் வேலை.

வெளித்தோற்றம் உதவாது. உப்புக்கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு, பிறகு நெல்லைக் கொட்டி, மிதப்பதை அரித்து எடுக்கும் வழக்கம் நல்ல வழக்கம்தான், பதரையும் அரைகுறை மணியையும் நீக்கிவிடும். ஆனால் அது எடையைத்தான் பார்க்கிறது. அவித்த நெல்லும் கல்லாக மூழ்கும். ஊறவைத்தால் உப்புவதும் சான்றாகாது, செத்த விதையும் தண்ணீர் குடித்து உப்பும், மரக்கட்டையைப் போல.

நம்பகமானது முளைப்புச் சோதனை. ஆய்வகத்தில் நூறு நூறாக நான்கு தொகுதி, மொத்தம் 400 விதைகளை ஈரத்தாளில் பரப்பிச் சுருட்டி வைக்கிறார்கள். நெல்லுக்கு இறுதி எண்ணிக்கை 14-ஆம் நாள். முளை எட்டிப்பார்த்தால் மட்டும் போதாது, வேரும் தண்டும் ஒழுங்காக வந்த இயல்பான நாற்றை மட்டும் எண்ணுவார்கள். சான்று விதைநெல்லுக்கு இந்தியாவில் குறைந்தது 80 சதவீத முளைப்பும், 13 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதமும் வேண்டும். வீட்டில் நூறு விதையை ஈரத்துணியில் பத்துக்குப் பத்தாக அடுக்கிச் சுருட்டினாலே ஓரளவு தெரிந்துவிடும். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் உளுந்தும் பயறும் ஆக்ஸிஜன் இல்லாமல் அழுகிவிடும், நல்ல விதையைச் செத்ததாகக் கணக்கெடுத்துவிடுவீர்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. புதிதாக அறுத்த நெல் பல ரகங்களில் உயிரோடு இருந்தும் சில வாரங்களுக்கு முளைக்காது. விதை உறக்கம் என்பார்கள். முளைப்புச் சோதனை மட்டும் செய்தால் "செத்த விதை" என்று முடிவெழுதிவிடுவோம். இங்கே கைகொடுப்பது டெட்ரசோலியம் சோதனை. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, முளைக்கருவின் நடுவே நீளவாக்கில் பிளந்து, 0.1 முதல் 1 சதவீத டெட்ரசோலியம் குளோரைடு கரைசலில் 30 டிகிரி சூட்டில் இருட்டில் சில மணி நேரம் வைக்கிறார்கள். கரைசல் நிறமற்றது. சுவாசிக்கும் திசுவின் நொதிகள் அதற்கு ஹைட்ரஜனைக் கொடுத்ததும், கரையாத சிவப்புச் சாயமாகி அந்த இடத்திலேயே தங்கிவிடும். முளைக்கரு முழுவதும் ஒரே சீராகச் சிவந்தால் உயிர் உண்டு. வேர்நுனி வெளுத்தே இருந்தால், மற்றதெல்லாம் சிவந்தாலும், அந்த விதை முளைக்காது. இருட்டு ஏன் என்றால், வெளிச்சமே இந்தச் சாயத்தைச் சிவக்கவைக்கும். பூஞ்சை பிடித்த விதையும் ஏமாற்றும், ஏனென்றால் பூஞ்சையும் சுவாசிக்கிறது. அதனால் கூடவே வேகவைத்த விதைகள் சிலவற்றை ஒப்பீட்டுக்குப் போடுவது அவசியம்.

பயறு வகைகளுக்கு இன்னொரு வழி: குறிப்பிட்ட எடை விதையை ஒரு நாள் சுத்தமான நீரில் ஊறவைத்து, அந்த நீரின் மின்கடத்துத் திறனை அளப்பது. சவ்வு பழுதான விதையிலிருந்து உப்புகள் கசிந்து கடத்துத் திறன் கூடும். பீட்ரூட் சிவப்பைக் கண்ணால் பார்த்தோம், இதைக் கருவி பார்க்கிறது.

காத்திருப்பு எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதற்குச் சேமிப்பில் ஒரு கைக்கணக்கு உண்டு. விதை ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். ஈரம் 5-க்கும் 14-க்கும் இடையே இருக்கும்போது மட்டுமே இது பொருந்தும்.

இந்த இடத்தில் இரண்டு பழைய விதைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கதிரியக்கக் கார்பன் கணிப்பு சொன்னது, 2021-ல் அறிவித்தார்கள். இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை 2005-ல் ஊன்றப்பட்டு முளைத்தது. அதன் ஓட்டுத் துணுக்குகளுக்கும் இதே கார்பன் முறையில்தான் காலம் பார்த்தார்கள். பொதுவாகச் சொல்வது, உயிர் போனதும் கார்பன் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று. அது துல்லியமான கூற்று இல்லை. காற்றோடு கார்பன் பரிமாற்றம் நின்றதும் கடிகாரம் தொடங்கும். காய்ந்த விதையில் அந்தப் பரிமாற்றம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் தாழி நெல்லிலும் மசாடா விதையிலும் கடிகாரம் ஒரே மாதிரிதான் ஓடியது. ஒன்று செத்தது, மற்றது செத்திருக்கவில்லை.

வைரஸ் எந்தப் பக்கம்?

தயிரில் செய்த அதே நீர்த்தல் தர்க்கத்தை 1898-ல் மார்ட்டினஸ் பைஜரிங்க் புகையிலைச் செடிகளில் கையாண்டார். நோயுற்ற இலைச் சாற்றைப் பாக்டீரியா புகாத வடிகட்டியில் வடித்து, செடியிலிருந்து செடிக்கு மாற்றிக்கொண்டே போனார். வீரியம் குறையவில்லை. விஷமாக இருந்தால் நீர்த்துப்போயிருக்கும். 1935-ல் வெண்டல் ஸ்டான்லி அதே வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கினார். கரைத்துத் தடவியபோது அது நோயைக் கொடுத்தது.

ஆக, பரம்பரைச் சோதனையில் வைரஸ் தேறுகிறது. பம்புச் சோதனையில் தேறாது, அதற்குப் பம்பே கிடையாது. வைரஸ் துகளை உயிரற்றது என்றும், வைரஸ் புகுந்து வேலை வாங்கும் செல்லை உயிருள்ளது என்றும் வைத்துக்கொண்டால் நடைமுறையில் எந்தச் சிக்கலும் வராது. சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் உதவாததும் இதனால்தான்: தடுப்பதற்கு அந்த வைரஸில் செல்சுவரோ புரதம் கட்டும் இயந்திரமோ இல்லை. தடுப்பூசிக்காரர்கள் "கொன்ற" என்பதைவிடச் "செயலிழக்கச் செய்த" என்று எழுதுவதே பொருத்தம்.

வைரஸுக்கும் உயிருள்ள செல்லுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது செய்துபார்க்கும்போது தெரிகிறது. 2002-ல் எக்கார்ட் விம்மர் குழு, எழுத்தில் இருந்த மரபணு வரிசையை மட்டும் வைத்துப் போலியோ வைரஸைக் கட்டியது. அதற்குச் செல்களை உடைத்தெடுத்த சாறே போதுமாக இருந்தது. 2010-ல் கிரேக் வென்டர் குழு, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரு பாக்டீரியாவின் டிஎன்ஏ முழுவதையும் வேதிமுறையில் கட்டியது. ஆனால் அதைப் போட்டுவைக்க, அதற்கு நெருங்கிய உறவான வேறொரு பாக்டீரியாவின் உயிருள்ள செல் தேவைப்பட்டது: சவ்வு, பம்பு, ஓடிக்கொண்டிருக்கும் வேதிவினைகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 2016-ல் மரபணுக்களைக் கழித்துக் கழித்து 473-க்குக் குறைத்தார்கள். அதற்குக் கீழே போனால் அந்தச் செல் வளரத் திணறியது. அந்த 473-இல் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்று அப்போது தெரியவில்லை. எடுத்தால் செல் தடுமாறுகிறது என்பது மட்டும் தெரிந்தது.